பஃபலோவிலிருந்து தென் கரோலைனாவுக்கு: குறைந்த வருமானத்தில் ஒரு தம்பதியின் குடிபெயர்வு

பின்னணி

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் முப்பத்தோராண்டு குடியிருந்த ஓய்வுபெற்ற தம்பதியர், 2024 கோடையில் தென் கரோலைனாவுக்குக் குடிபெயர்ந்ததை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. நான் அவர்கள் இருந்த அதே தெருவில் வசிப்பவன். முதியோருக்கு, அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் தொடர்பான ஐயங்களைத் தீர்த்துவைக்கும் தன்னார்வப் பணியில் சில ஆண்டுகளாக இருப்பவன். அவர்களுடைய வரவு செலவுத் தாள்களைப் பெரும்பாலும் நான்தான் தயாரித்தேன் என்பதால், கீழே வரும் தவறுகளில் ஒன்று என்னுடையது. அவர்களின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தரக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். பனிப் பிரதேசங்களில் வேலை பார்த்து ஓய்வுபெறும் நம்மவர்கள் சிலரும் இதே கணக்கைப் போடத் தொடங்கியிருப்பதால் இதைத் தமிழில் எழுதுவது பயன்படும் என்று நினைத்தேன்.

2023 தொடக்கத்தில் கணவருக்கு வயது 68, மனைவிக்கு 67. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர்; 2021-இல் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர். மனைவி மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர். 2024-ஆம் ஆண்டின் நிலவரப்படி, அரசு தரும் ஓய்வுகாலத் தொகையான சோஷியல் செக்யூரிட்டியிலிருந்து கணவருக்கு மாதம் 1,720 டாலரும் மனைவிக்கு 1,010 டாலரும் வந்தன. சிறு ஓய்வூதியம் ஒன்று 340. ஆக மாத வரவு 3,070 டாலர். வங்கியில் 31,000 டாலர் சேமிப்பு இருந்தது. வீட்டின் மீது அடமானக் கடன் முடிந்துவிட்டது; கூரையைப் புதுப்பிக்க வாங்கிய கடனில் மட்டும் 11,400 டாலர் பாக்கி.

குடிபெயரும் எண்ணம் பல ஆண்டுகளாகப் பேச்சளவில் இருந்ததுதான். அதைத் தீர்மானமாக்கியது 2022 டிசம்பர் 23 அன்று தொடங்கிய பனிப்புயல். ஈரி ஏரியின் மீது வீசிவந்த காற்றும் பனியும் பல நாள் நகரை முடக்கின. பஃபலோ அடங்கிய ஈரி கவுண்டி (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் ஒரு மாவட்டம் போன்றது) முழுவதும் வாகனப் போக்குவரத்து தடை செய்யப்பட்டது. பல இடங்களுக்கு ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் போய்ச்சேர முடியவில்லை. அந்தக் கவுண்டியில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்தத் தம்பதியின் வீட்டில் மின்சாரம் நின்று, அதனால் சூடேற்றியும் நின்று, முப்பத்தாறு மணி நேரம் கழிந்தது. இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது என்பதால், மனைவி தம் இரண்டு இன்சுலின் ஊசிப் பேனாக்களையும் ஒரு காலுறைக்குள் சுற்றி, மேலங்கிக்கும் சட்டைக்கும் நடுவில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். புயல் ஓய்ந்த பிறகு கணவர் வாசற்பாதையை வெட்டத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்ததை என் வீட்டுச் சன்னலிலிருந்து நானே பார்த்தேன். அன்று பெரிதாக ஒன்றும் நேரவில்லை.

முதல் தெரிவு: ஃபுளோரிடா, மார்ச் 2023

பஃபலோவாசிகள் வெப்பத்தைத் தேடினால் முதலில் ஃபுளோரிடாவுக்குத்தான் போவார்கள். இவர்களும் மார்ச் மாதத்தில் ஒரு வாரம் அங்கே தங்கினார்கள். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் கரையேறிய பகுதியிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், 55 வயதைக் கடந்தவர்களுக்கான மொபைல் ஹோம் குடியிருப்பு ஒன்றில், இரண்டு படுக்கையறை கொண்ட வீடு 38,000 டாலருக்கு விற்பனைக்கு இருந்தது. தங்கள் வீட்டை விற்றால் கையில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மிஞ்சும் என்ற மகிழ்ச்சியில் முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டார்கள். கொடுப்பதற்கு முன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள்.

அங்கே நின்றபடியே இரண்டு விஷயங்களைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டேன். முதலாவது, வீட்டுக்குள் ஒட்டப்பட்டிருக்கும் டேட்டா பிளேட் என்ற தாள். தொழிற்சாலையில் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தப்படும் வீடுகளில் இது பெரும்பாலும் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்திலோ மின்பெட்டிக்கு அருகிலோ இருக்கும். மனைவி பாத்திர அலமாரியைத் திறந்து, எண்ணெய்க் கறை படிந்து மங்கிப்போன அந்தத் தாளைக் கைபேசி வெளிச்சத்தில் வாசித்தார்: தயாரித்த ஆண்டு 1983. 1992-இல் ஆண்ட்ரூ புயல் இத்தகைய வீடுகளைத் துவம்சம் செய்ததற்குப் பிறகு, 1994-இல்தான் கூட்டரசு இவற்றுக்கான காற்றுத் தாங்குதிறன் விதிகளைக் கடுமையாக்கியது. அதற்குப் பதினோராண்டு முன் கட்டப்பட்ட வீடு இது. அவர்கள் அணுகிய மூன்று காப்பீட்டு முகவர்கள் கட்டிய ஆண்டைக் கேட்டதுமே மறுத்துவிட்டனர். நான்காமவர் ஆண்டுக்கு 3,400 டாலர் கேட்டார். அதுவும் தேய்மானம் கழித்த மதிப்புக்கு மட்டும். வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும். கூட்டரசின் வெள்ளக் காப்பீட்டை வாங்கினால் வழக்கமாக முப்பது நாள் கழித்தே அது நடைமுறைக்கு வரும்.

இரண்டாவது, மனை வாடகை. 38,000 டாலர் என்பது வீட்டுக்கு மட்டுமான விலை. வீடு நிற்கும் நிலம் குடியிருப்பு நிர்வாகத்துக்குச் சொந்தம். அதற்கு மாதம் 715 டாலர் வாடகை. அந்த மாநிலச் சட்டப்படி 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வாடகையை உயர்த்தலாம். இடம்பெயர்க்க இயலாத நாற்பதாண்டுப் பழைய வீட்டை வைத்திருப்பவர் உயர்வை ஏற்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. வாடகையையும் காப்பீட்டையும் கூட்டினால் மாதம் ஆயிரம் டாலரைத் தொடும். இவர்களின் வரவில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. முன்பணம் கொடுக்காமல் திரும்பினார்கள். கணவருக்கு அதில் பல வாரம் மனத்தாங்கல் இருந்தது.

மற்ற மாநிலங்கள்

அரிசோனாவை அந்த ஆண்டின் வெயிலே தள்ளுபடி செய்தது. 2023 ஜூன் இறுதியிலிருந்து ஜூலை இறுதிவரை ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. செல்சியஸில் 43-க்கும் மேல். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது பனியைவிட நல்லது என்று சொல்ல முடியாது.

டென்னசியைப் பற்றிப் பேசும்போது, அங்கே சம்பளத்துக்கோ ஓய்வூதியத்துக்கோ மாநில வருமான வரி இல்லை என்பதைக் கணவர் பலமுறை சொன்னார். ஃபுளோரிடாவுக்கும் இதையே காரணமாகச் சொல்லியிருந்தார். ஓய்வுபெற்றவர்கள் மாநிலம் மாறும்போது எல்லோரும் முதலில் பேசுவது இந்த வரியைப் பற்றித்தான். இவர்கள் அளவிலான வருமானத்துக்கு இது வெறும் மாயை என்பதே என் கருத்து. நியூயார்க் மாநிலம் சோஷியல் செக்யூரிட்டிக்கு வரி போடுவதில்லை. ஓய்வூதியத்திலும் ஆண்டுக்கு ஒருவருக்கு 20,000 டாலர் வரை விலக்கு உண்டு. அவர்கள் மாநிலத்துக்குக் கட்டிவந்த வருமான வரி ஏற்கெனவே பூஜ்ஜியம். பூஜ்ஜியத்திலிருந்து எதையும் மிச்சப்படுத்த முடியாது. மாறாக டென்னசியில் மளிகைப் பொருளுக்கு மாநில விற்பனை வரியே 4 விழுக்காடு. நியூயார்க்கில் பெரும்பாலான மளிகைக்கு அந்த வரி இல்லை.

மிஞ்சியது தென் கரோலைனாவின் வடமேற்குப் பகுதி. அப்ஸ்டேட் என்று அழைக்கப்படும் இந்தப் பகுதி கடற்கரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கிரீன்வில் போன்ற நகரங்களில் விலை ஏறிவிட்டாலும், அவற்றிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள சிற்றூர்களில் ஒன்றரை லட்சம் டாலருக்குள் சிறு செங்கல் வீடுகள் கிடைத்தன. சனவரி இரவுகளில் அங்கும் உறைநிலையைத் தொடும். ஆனால் பஃபலோவைப்போல ஏரிப்பனி கிடையாது.

ஆகஸ்ட் மாதத் தங்கல், 2023

ஃபுளோரிடாவை அவர்கள் மார்ச் மாதத்தில் பார்த்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. எந்த ஊரும் தன் நல்ல மாதத்தில் அழகாகத்தான் இருக்கும். எனவே தென் கரோலைனாவுக்குப் போவதானால் ஆகஸ்டில் போகவேண்டும், ஓட்டலில் தங்காமல் ஒரு வீட்டில் வாடகைக்கு அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுப் பார்க்கவேண்டும், ஒவ்வொரு நாளும் நேரத்தோடு குறித்துவைக்கவேண்டும் என்று வற்புறுத்தினேன். பதினொரு நாள் தங்கினார்கள்.

மனைவியின் குறிப்பேட்டில் உள்ளவை சுருக்கமானவை, ஆனால் துல்லியமானவை. காலை ஆறரைக்கு நடக்க முடிகிறது. ஒன்பதுக்கு மேல் முடியவில்லை. மாலை நான்கு மணிக்கு மளிகைக் கடை வாகன நிறுத்தத்தில், 35 டிகிரி செல்சியஸில், கணவர் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். கடைக்குள் போனதும் சரியாயிற்று. பேருந்து இல்லை. மருந்துக் கடை ஆறு மைல். இதய மருத்துவரின் அலுவலகம் காரில் நாற்பது நிமிடம். மெடிகேர் உள்ள புதிய நோயாளிகளை ஏற்கிறார்கள், ஆனால் முதல் சந்திப்புக்கு மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். இந்தக் கடைசி வரிதான் பிறகு மிகவும் பயன்பட்டது: குடிபெயரும் தேதி உறுதியான அன்றே சந்திப்பைப் பதிவு செய்துவிட்டார்கள்.

வெயிலைச் சமாளிக்கலாம், நடையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற முடிவோடு திரும்பினார்கள். அப்போது நான் தயாரித்த முதல் கணக்குத் தாள், அங்கே போனால் மாதம் 395 டாலர் மிச்சமாகும் என்று காட்டியது. சொத்து வரியில் மட்டுமே பெருந்தொகை குறைந்தது. சூடேற்றும் செலவும் குறைந்தது. இரண்டு கார் ஒன்றாகிறது. தாள் பார்ப்பதற்கு நன்றாக இருந்தது. அது தவறான தாள்.

டிசம்பர் கடிதம்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் அடுத்த ஆண்டுத் தொகையைத் தெரிவித்துக் கடிதம் அனுப்பும். அந்த ஆண்டுக் கடிதத்தை மனைவி வேறொரு காரணத்துக்காக என்னிடம் காட்டினார். மெடிகேரில் மருத்துவர் செலவுகளுக்கான பகுதியாகிய பார்ட் பி-யின் பிரீமியத்துக்காகப் பிடிக்கப்படும் தொகை என்ற வரியில் பூஜ்ஜியம் இருந்தது. 2024-இல் அந்தப் பிரீமியம் ஒருவருக்கு 174.70 டாலர், பெரும்பாலோருக்கு அது மாதத் தொகையிலேயே கழிக்கப்பட்டுவிடும். இவர்களுக்குக் கழிக்கப்படவில்லை என்றால், வேறு யாரோ கட்டுகிறார்கள்.

கட்டியது நியூயார்க் மாநிலம். குறைந்த வருமானமுள்ள முதியோரின் பார்ட் பி பிரீமியத்தை மாநிலமே ஏற்றுக்கொள்ளும் மெடிகேர் சேமிப்புத் திட்டம் ஒன்று உண்டு. பல மாநிலங்களில் வருமானம் கூட்டரசு வறுமைக்கோட்டின் 135 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். சேமிப்பும் ஒரு வரம்புக்குள் இருக்கவேண்டும். நியூயார்க் 2023 சனவரியிலிருந்து வருமான வரம்பை 186 விழுக்காடாக உயர்த்தியது. சேமிப்பைப் பார்ப்பதே இல்லை. இரண்டு பேர் குடும்பத்துக்கு 2024-இல் அது மாதம் 3,168 டாலர் வரை. இவர்களுடைய 3,070 அதற்குள் அடங்குகிறது. 135 விழுக்காடு வரம்பிலோ மாதம் 2,300 டாலர்தான் மேல் எல்லை. தென் கரோலைனாவில் இவர்களுக்கு இந்த உதவி கிடைக்க வழியில்லை. இந்தத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மருந்துச் செலவில் கிடைக்கும் கூடுதல் உதவியும் தானாகவே வருவது. திட்டம் போனால் அதுவும் போகும்.

2023 வசந்தத்தில் இவர்களை இந்தத் திட்டத்தில் சேர்க்க விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். ஆனால் கணக்குத் தாள் போடும்போது வங்கிப் பதிவுகளில் கண்ணுக்குத் தெரிந்த செலவுகளை மட்டும் வரிசைப்படுத்தினேன். கண்ணுக்குத் தெரியாமல் மாநிலம் கட்டிவந்த தொகை எந்த வரியிலும் வரவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 349.40 டாலர். 395 டாலர் மிச்சம் 46 ஆகச் சுருங்கியது. அதன்பின் மருந்துச் செலவின் உயர்வையும், கணவருக்குத் தேவைப்பட்ட துணைக் காப்பீட்டையும் சேர்த்தபோது, வெப்ப மாநிலத்தில் வாழ மாதம் 181 டாலர் கூடுதலாகும் என்று தாள் சொன்னது.

போவதா, நிற்பதா

2024 சனவரியில் மூவரும் அவர்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசினோம். பஃபலோவிலேயே இருந்து, பனி தள்ளுவதற்குப் பருவத்துக்கு 450 டாலர் கொடுத்து ஆள் வைத்துக்கொள்வதே கணக்குப்படி சிக்கனம் என்று நான் வாதிட்டேன். ஈரி கவுண்டியில் முதியோர் அடுக்ககம் ஒன்றுக்கு மாறும் வழியும் இருந்தது. ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம்.

மனைவி சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “உங்கள் கணக்கு சரிதான். ஆனால் ஆள் வருவதற்குள் இவர் மண்வெட்டியைத் தேடிக்கொண்டு கிளம்புவார். ஒவ்வொரு பனிக்கும் நான் சன்னலில் நிற்கவேண்டும்.” கணவர் மறுக்கவில்லை.

போவது என்று முடிவாயிற்று. ஆனால் மிச்சம் பிடிப்பதற்காகப் போகவில்லை, மாதம் 181 டாலர் விலை கொடுத்துப் போகிறோம் என்பது இருவருக்கும் தெளிவாகத் தெரிந்த பிறகே முடிவாயிற்று. அந்தத் தெளிவு வீடு தேடும்போது பயன்பட்டது. 1 லட்சத்து 70 ஆயிரம் வரை பார்க்கலாம் என்றிருந்தவர்கள் ஒன்றரை லட்சத்தில் கோடு கிழித்துக்கொண்டார்கள். வீட்டுக்கடன் வாங்குவதில்லை, சேமிப்பு 31,000-க்குக் கீழே இறங்கக்கூடாது என்ற இரண்டு விதிகளையும் எழுதி வைத்தார்கள்.

மருத்துவக் காப்பீடு மாறியது

இருவரும் ஈரி கவுண்டியில், தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருந்தவர்கள். இந்தத் திட்டங்கள் கவுண்டி அளவில் நடப்பவை; வேறு மாநிலத்துக்குப் போனால் அவை செல்லாது. வழக்கமான சேர்க்கைக் காலத்துக்குக் காத்திராமல் மாற்றிக்கொள்ளச் சிறப்புக் காலம் தரப்படுகிறது: முன்கூட்டியே தெரிவித்தால், குடிபெயரும் மாதத்துக்கு முந்தைய மாதம் தொடங்கி, பெயர்ந்த பிறகு இரண்டு முழு மாதங்கள் வரை.

இதில் பலர் கவனிக்காத வாய்ப்பு ஒன்று இருக்கிறது. திட்டப் பகுதியை விட்டு வெளியேறுவதால் அட்வான்டேஜ் காப்பீட்டை இழப்பவர், அரசே நேரடியாக நடத்தும் மூல மெடிகேருக்குத் திரும்பி, மெடிகேப் என்ற துணைக் காப்பீட்டின் குறிப்பிட்ட சில வகைகளை உடல்நிலைக் கேள்விகள் இல்லாமல் வாங்கலாம். பழைய காப்பீடு முடிந்த 63 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த உரிமை இல்லாமல், ஸ்டென்ட் வைத்தவர் தென் கரோலைனாவில் பின்னாளில் மெடிகேப் கேட்டால் நிறுவனம் மறுக்கலாம். எனவே கணவருக்கு மாதம் 138 டாலரில் ஜி வகை மெடிகேப்பும், தனியாக 34 டாலரில் மருந்துத் திட்டமும் எடுத்தோம். மனைவிக்கு அங்குள்ள பிரீமியம் இல்லாத அட்வான்டேஜ் திட்டமே போதும் என்று தீர்மானித்தோம். இன்சுலினுக்கு 2023 முதல் மெடிகேர் மருந்துத் திட்டங்களில் மாதம் 35 டாலர் உச்சவரம்பு இருப்பதால் அவருடைய மருந்துச் செலவு நான் பயந்த அளவுக்கு ஏறவில்லை. மனைவிக்கும் மெடிகேப் எடுத்திருக்கவேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை. வரவு இடம் கொடுக்கவில்லை.

வீடு, நிலத்தடி, லாரி

பஃபலோ வீடு 2024 மே மாதம் 1 லட்சத்து 98 ஆயிரம் டாலருக்கு விற்றது. தரகு, வழக்கறிஞர் கட்டணம், ஆயிரத்துக்கு 4 டாலர் வீதமான மாநிலக் கைமாற்று வரி, கூரைக் கடன் எல்லாம் போகக் கையில் நின்றது 1 லட்சத்து 73 ஆயிரம்.

தென் கரோலைனாவில் அவர்கள் தேர்ந்தெடுத்த வீடு இரண்டு படுக்கையறை, ஆயிரம் சதுர அடி, அதுவரை வாடகைக்கு விடப்பட்டிருந்தது. விலை 1 லட்சத்து 49 ஆயிரம். பஃபலோவில் வீட்டுக்குக் கீழே நின்று நடக்கக்கூடிய அடித்தளம் இருக்கும். இங்கே தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய கிரால் ஸ்பேஸ்தான். கரையான் தொல்லை அந்தப் பகுதியில் சாதாரணம் என்பதால், சிஎல்-100 என்ற மரச்சேத அறிக்கை விற்பனைக்கு முன் எடுக்கப்படுவது வழக்கம். பரிசோதகர் முழங்காலில் மண் அப்பியபடி வெளியே வந்து, கையடக்க ஈரப்பதமானியில் மரத்தின் ஈரம் 26 விழுக்காடு என்று காட்டினார். தரையின்மேல் விரித்திருக்கவேண்டிய பிளாஸ்டிக் விரிப்பு பாதிக்குமேல் கிழிந்திருந்தது. ஓர் உத்தரத்தின் முனையில் பழைய கரையான் அரிப்பு. கணவர் விலகிவிடலாம் என்றார். மனைவி அதை வைத்து விலை பேசலாம் என்றார். விற்பவர் விலையைக் குறைக்கவில்லை, ஆனால் கரையான் மருந்தடிக்கும் செலவை ஏற்றுக்கொண்டார். விரிப்புக்கும் உத்தரத்துக்கும் 3,900 டாலர், மற்ற பழுதுகளையும் சேர்த்தால் மொத்தம் 6,800 ஆயிற்று.

சாமான்களை ஏற்றிச்செல்ல மூன்று இடங்களில் விலை கேட்டார்கள். மிகக் குறைவானது 2,600. தொலைபேசியிலேயே சொல்லப்பட்டது, வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை, 900 டாலர் முன்பணம் உடனே வேண்டும் என்றார்கள். மாநிலம் விட்டு மாநிலம் சாமான் ஏற்றுவோருக்குக் கூட்டரசுப் போக்குவரத்துத் துறையின் பதிவெண் இருக்கவேண்டும். அந்த எண்ணைத் தேடிப் பார்த்தபோது அவர்கள் சொந்த லாரி இல்லாத தரகர்கள் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து அறை அறையாகக் கணக்கெடுத்து, இதற்கு மேல் ஒரு காசும் கேட்பதில்லை என்ற கட்டுப்பட்ட மதிப்பீட்டை எழுதிக்கொடுத்தவர்கள் கேட்டது 4,350, அவர்களையே அமர்த்தினார்கள். கூடுதல் கட்டணமில்லாத அடிப்படைப் பொறுப்பில், சேதமான பொருளுக்கு ஒரு பவுண்டு எடைக்கு 60 சென்ட் மட்டுமே ஈடு. மனைவியின் தாயார் வைத்திருந்த தையல் இயந்திரம் 38 பவுண்டு. உடைந்தால் 22 டாலர் 80 சென்ட் கிடைக்கும். அதை காரின் பின்னிருக்கையில் பெல்ட் போட்டு வைத்து எழுநூறு மைலுக்கு மேல் தாமே கொண்டுபோனார்கள்.

வந்த பின் நடந்தவை

ஜூன் மூன்றாம் வாரம் குடியேறினார்கள். ஆகஸ்டில் மனைவியின் வங்கிக் கணக்கில் வந்த தொகை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது: நியூயார்க் நிறுத்திய பார்ட் பி பிரீமியம் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துப் பிடிக்கப்பட்டிருந்தது. வரும் என்று தெரிந்திருந்தோம். சேர்ந்து வரும் என்று நினைக்கவில்லை.

செப்டம்பர் 27 அதிகாலை, கடற்கரையிலிருந்து அவ்வளவு தூரம் உள்ளே இருக்கும் அந்த ஊரை ஹெலீன் புயல் தாக்கியது. நாங்கள் அப்ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்ததன் ஒரு காரணமே புயல் அங்கே வராது என்பதுதான். ஏற்கெனவே பெய்த மழையில் மண் ஊறியிருந்ததால் பெருமரங்கள் வேரோடு சாய்ந்தன. மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. இவர்கள் வீட்டில் ஒன்பது நாள் மின்சாரமில்லை. பக்கத்து மனையிலிருந்த ஓக் மரம் வேலியை உடைத்துக்கொண்டு இவர்கள் சன்னலுக்கு எட்டடி தள்ளி விழுந்தது. இன்சுலினை இந்த முறை குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டியிருந்தது: தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி மண்பானை ஒன்றுக்குள் வைத்து, ஐஸ் கிடைத்த மூன்றாம் நாள் பெட்டிக்கு மாற்றினார்கள். பஃபலோ பழக்கத்தில் கொண்டுவந்திருந்த மின்கலங்களும், டப்பா உணவும், கையால் சுற்றும் வானொலியும் அக்கம்பக்கத்து மூன்று வீடுகளுக்கும் பயன்பட்டன. கூட்டரசின் பேரிடர் நிவாரண அமைப்பிடமிருந்து உடனடித் தேவைக்கான 750 டாலர் கிடைத்தது.

அக்டோபர் கடைசியில் சொத்து வரிச் சீட்டு வந்தது: 3,010 டாலர். நாங்கள் போட்டிருந்தது 900. தென் கரோலைனாவில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பில் 4 விழுக்காடும், மற்றவற்றுக்கு 6 விழுக்காடும் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன; சொந்தக் குடியிருப்புக்குப் பள்ளி நடத்துச் செலவுக்கான வரியும் விலக்கு. ஆனால் இது தானாக வராது. கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். பத்திரம் பதிந்த அன்று வழக்கறிஞர் கொடுத்த தாள்களில் அந்தப் படிவமும் இருந்தது. அது தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் கிடந்தது. விண்ணப்பத்தோடு அந்த மாநில ஓட்டுநர் உரிமமும் அதே முகவரியில் வாகனப் பதிவும் காட்டவேண்டும். மனைவி எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். கணவர் நியூயார்க் உரிமம் காலாவதியாகும்வரை இருக்கட்டும் என்று விட்டிருந்தார். 45 நாளுக்குள் செய்திருக்கவேண்டிய காரின் பதிவும் அவர் பெயரில்தான் நின்றுபோயிருந்தது. காருக்குக் கவுண்டி சொத்து வரி கட்டி, வெளிமாநில வாகனத்துக்கான 250 டாலர் கட்டணமும் கட்டிப் பதிந்து, உரிமத்தை மாற்றி, சனவரி 15 கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக விண்ணப்பம் ஏற்கப்பட்டது. வரி 890 ஆகத் திருத்தப்பட்டது. பதிவுத் தாமதத்துக்கு அபராதமும் கட்ட நேர்ந்தது.

2025 இறுதி நிலை

சேமிப்பு 31,000-க்குக் கீழே இறங்கவில்லை. மாதக் கூடுதல் செலவு 181 என்று போட்டது, பார்ட் பி 185 டாலராக உயர்ந்ததாலும் வீட்டுக் காப்பீடு ஏறியதாலும் 230-ஐ எட்டியது. சோஷியல் செக்யூரிட்டியின் ஆண்டு உயர்வு அதில் ஒரு பகுதியை ஈடுசெய்தது. கணவரின் இதயப் பரிசோதனைகள் சீராக இருக்கின்றன. கோடையில் இருவரும் காலை ஆறரைக்கு நடக்கிறார்கள். ஒருவரே இரவில் கார் ஓட்டுகிறார், அதுவும் மனைவி. அவருக்கும் முடியாமற்போகும் நாளுக்கு விடை இல்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டு மதிப்பில் முதல் 50,000 டாலருக்கு வரிவிலக்கு உண்டு. ஒரு முழு நாட்காட்டி ஆண்டு அங்கே வசித்திருக்கவேண்டும் என்பதால் அது 2026 வரியிலிருந்துதான் கிடைக்கும்.

மாற்றிச் செய்யவேண்டியவை

கணக்குத் தாளை வங்கிப் பதிவிலிருந்து தொடங்குவதை நான் நிறுத்திவிட்டேன். இப்போது என்னிடம் வருபவர்களிடம் முதலில் கேட்பது டிசம்பர் கடிதத்தையும், மாநிலத்திடமிருந்தோ கவுண்டியிடமிருந்தோ வந்த எல்லா ஒப்புதல் கடிதங்களையும்தான்: பிரீமியம், மருந்து, சூடேற்றும் உதவி, பள்ளி வரிக் குறைப்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போட்டு, புதிய மாநிலத்தில் அந்த வரிக்கு எதிரே என்ன நிற்கும் என்று எழுதிய பிறகே வீட்டு விலையைப் பேசுகிறேன். இந்தத் தம்பதிக்கு அந்தப் பிழை ஏறக்குறைய நான்கு மாதம் பொய்யான நம்பிக்கையைக் கொடுத்தது. வீட்டை விற்ற பிறகு தெரிந்திருந்தால் திரும்ப வழியிருந்திருக்காது.

குடியேறிய முதல் அறுபது நாளில் செய்யவேண்டியவற்றை ஒன்றையொன்று சார்ந்த வரிசையில் எழுதிக் கொடுத்திருக்கவேண்டும்: கார் வரி, கார் பதிவு, உரிமம், அதன்பின் வீட்டு விண்ணப்பம். தனித்தனியாகச் சொன்னேன், ஒன்றில்லாமல் அடுத்தது நகராது என்பதைச் சொல்லவில்லை.

வீட்டுப் பரிசோதனையில் நிலத்தடியைப் பார்த்தோம், கூரையைப் பார்த்தோம். மரங்களை யாரும் பார்க்கவில்லை. இவர்கள் மனையிலேயே, படுக்கையறைக்கு இருபதடி தூரத்தில், அடியில் காளான் முளைத்த ஓக் ஒன்று நிற்கிறது. அதை வெட்ட 1,400 டாலர் கேட்டிருக்கிறார்கள். அடுத்த புயல் பருவத்துக்கு முன் வெட்டுவதற்காக மாதம் நூறு டாலர் எடுத்துவைக்கிறார்கள். நான் இதை எழுதும்போது எண்ணூறு சேர்ந்திருக்கிறது.